மாதக் கணக்கும் மறைந்து நிற்கும் உழைப்பும்

ஒரு பெரிய கம்பெனி தன் வருஷாந்திர அறிக்கையை வெளியிடும்போது என்ன செய்கிறது? லாபத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறது. நஷ்டத்தை எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போடுகிறது. தவறு நேர்ந்திருந்தால் அதற்கு அழகான வேறொரு பெயர் சூட்டுகிறது. யாருடைய உழைப்பால் அந்த லாபம் வந்தது என்ற பேச்சு அந்த அறிக்கையில் மருந்துக்கும் இராது.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கும் உலகத்தில் இருக்கிறது. அதில் தவறுகள் நம்பர் போட்டு எழுதப்படுகின்றன. எந்தத் தவறு, அதை யார் திருத்தினார், திருத்தியதை யார் சரிபார்த்தார், யார் ஆட்சேபித்தார் என்பதையெல்லாம் எவரும் போய்ப் பார்க்கலாம். ரஸ்ட்-அனலைசர் என்ற கருவியின் கணக்குதான் அது.

ரஸ்ட் என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. அதில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உதவும் கருவி ரஸ்ட்-அனலைசர். அதன் கோட் முழுவதும் பொதுவில் திறந்து கிடக்கிறது; யாரும் படிக்கலாம், மாற்றலாம், எடுத்துச் செல்லலாம். வாரந்தோறும் திங்கட்கிழமையன்று ஒரு புதிய பதிப்பு வெளிவருகிறது. கூடவே அந்த வாரத்தில் நடந்த வேலைகளின் பட்டியலும் வருகிறது. நான்கு வாரப் பட்டியல்களை அடுக்கி வைத்துப் படித்தால் ஒரு மாதக் கணக்கு கையில் கிடைக்கிறது.

“புரோகிராமர்களின் சமாசாரம் நமக்கெதற்கு?” என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். இன்று பாங்குக் கணக்கும், ரயில் டிக்கெட்டும், மின்சார பில்லும், ஆஸ்பத்திரி யந்திரங்களும் புரோகிராமில்தான் ஓடுகின்றன. அந்தப் புரோகிராமில் ஒரு பிழை இருந்தால் அது புரோகிராமரோடு நின்றுவிடுவதில்லை. நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கும் கருவி எப்படி வளர்கிறது, யார் அதை வளர்க்கிறார்கள், அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது நம்முடைய விஷயமும் ஆகும்.

பிசிறு எடுக்கும் வேலை

கோட்டைச் சோதிக்கும் கருவி புதிதல்ல. 1978-ல் அமெரிக்காவின் பெல் லாபரட்டரியில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் ‘லின்ட்’ என்ற கருவியைச் செய்தார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். சி மொழியில் எழுதிய புரோகிராமை ஓட்டாமலேயே, எழுத்தை மட்டும் படித்துப் பார்த்து, சந்தேகத்துக்குரிய இடங்களை அது காட்டிக் கொடுத்தது. பிசிறை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. துணியை நெய்வது மனிதனின் வேலை.

ரஸ்ட்-அனலைசர் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் வேலை கடினமானது. ஏன்?

கம்பைலர் என்ற யந்திரம் எழுதி முடித்த புரோகிராமைத்தான் வாங்கிக்கொள்ளும். ஒரு முற்றுப்புள்ளி குறைந்தாலும் ‘இது செல்லாது’ என்று திருப்பியனுப்பிவிடும். ஆனால் புரோகிராமர் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் எதிரில் இருப்பது எப்போதும் முடியாத வாக்கியம்தான். பாதிச் சொல்லில் கை நிற்கும். அந்தப் பாதியைப் பார்த்தே, ‘இங்கே இந்தப் பெயர் வரலாம், இந்தப் பொருள் இன்ன வகையைச் சேர்ந்தது, இந்த இடத்தில் இப்படி எழுதினால் தவறு’ என்று கருவி சொல்ல வேண்டும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான வரிகள் உள்ள புரோகிராமை ஒவ்வொரு எழுத்துக்கும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தால் இது நடக்காது.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒருமுறை கண்டறிந்ததை நினைவில் வைத்துக்கொள்வது. மாறிய பகுதியை மட்டும் மறுபடி ஆராய்வது. சால்ஸா என்ற பெயருள்ள பொதுப் பகுதி இந்தக் காரியத்தைச் செய்கிறது. ஒரு கொள்கையையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரு ஃபங்ஷனின் உள்ளே செய்யும் மாற்றம், அதற்கு வெளியே ஏற்கெனவே கண்டறிந்த எதையும் கெடுக்கக்கூடாது. வீட்டின் ஓர் அறையில் வெள்ளையடித்தால் தெரு முழுவதையும் காலி செய்யச் சொல்லலாமா? கூடாதல்லவா? அதே நியாயம்தான் இது.

பழைய பாதையை விட்ட நேர்மை

இந்தக் கருவிக்கு முன்னால் இன்னொன்று இருந்தது. 2016-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி, எழுதும் கருவிக்கும் மொழிக் கருவிக்கும் இடையே ஒரு பொதுவான பேச்சு முறையை வெளியிட்டது. அதற்கு முன்பு பத்து எழுதும் கருவிகளும் பத்து மொழிகளும் இருந்தால் நூறு இணைப்புகள் செய்ய வேண்டும். பொதுமுறை வந்த பிறகு இருபது போதும். அதே ஆண்டில் ரஸ்ட் மொழிக்கு ‘ஆர்.எல்.எஸ்.’ என்ற கருவியும் தொடங்கப்பட்டது. அது பெரும்பாலும் கம்பைலரையே முதுகில் சுமந்துகொண்டு வேலை செய்தது. ஆகவே பெரிய புரோகிராம்களில் மந்தமாயிற்று.

2018-ல் அலெக்ஸி கிளாடோவ் என்ற புரோகிராமர் வேறு அடித்தளத்தில் ரஸ்ட்-அனலைசரைக் கட்டத் தொடங்கினார். நான்கு வருஷம் இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உபயோகித்தவர்கள் தங்கள் அனுபவத்தால் தீர்ப்புச் சொன்னார்கள். 2022 பிப்ரவரியில் ரஸ்ட்-அனலைசர் ரஸ்ட் திட்டத்தின் அதிகாரபூர்வமான பகுதியாயிற்று. ஜூலையில் ஆர்.எல்.எஸ். விலக்கப்படுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். ‘எங்கள் பழைய கருவியைவிட இது நல்லது, இதற்கு மாறுங்கள்’ என்று உபயோகிப்பவர்களிடம் நேரடியாகச் சொன்னார்கள்.

சுயவிமர்சனம் என்ற சொல்லை நாம் அடிக்கடி உபயோகிக்கிறோம். செய்கையில் அது எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

கணக்கை எப்படிப் படிப்பது?

இப்போது பட்டியலுக்கு வருவோம். அதில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. புதிய வசதிகள் ஒன்று. திருத்தங்கள் ஒன்று. உள்வேலைகள் ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைத் தொடர்ந்து போனால் அந்த மாற்றத்தின் முழு வரலாறும் கிடைக்கும்.

அவசரப்படும் வாசகர் புதிய வசதிகளை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார். “இந்த மாதம் மூன்றுதானா? போன மாதம் ஏழு இருந்ததே!” என்பார். இது தவறான அளவுகோல். கட்டடத்தில் எத்தனை ஜன்னல் வைத்தார்கள் என்று எண்ணுகிறவர், அஸ்திவாரத்தில் ஈரம் ஏறுகிறதா என்று பார்ப்பதில்லை.

உண்மையான வேலை பெரும்பாலும் மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் வரிகள் சுவையற்றவை. ‘இந்தப் பகுதியைப் பிரித்து எழுதினோம்’, ‘இங்கே வீணாகும் மெமரியைக் குறைத்தோம்’, ‘இந்தச் சோதனையைச் சேர்த்தோம்’ என்ற மாதிரி. யாரும் கை தட்டமாட்டார்கள். ஆனால் இந்த வரிகள் இல்லாத கருவி, இரண்டு வருஷத்தில் யாரும் தொட அஞ்சும் புதர்க்காடாகிவிடும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு பொருளுக்கு இன்ன தன்மை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது ரஸ்ட் மொழியில் மிகச் சிக்கலான வேலை. இதற்கு ரஸ்ட்-அனலைசர் பல காலம் ‘சாக்’ என்ற தனிப்பகுதியை உபயோகித்து வந்தது. கம்பைலரோ வேறொரு பகுதியை உபயோகித்தது. அதாவது, ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக விடை காணும் ஏற்பாடு. விளைவு? சில சமயம் கருவி ஒன்று சொல்லும், கம்பைலர் வேறொன்று சொல்லும். இல்லாத பிழையைக் கருவி காட்டும். புரோகிராமருக்கு நம்பிக்கை குறையும்.

2025-ல் இந்த நிலை மாறியது. சாக் கைவிடப்பட்டது. கம்பைலர் குழு கட்டிவரும் புதிய தீர்வுப் பகுதியையே ரஸ்ட்-அனலைசரும் எடுத்துக்கொண்டது. இந்த ஒரு மாற்றத்துக்கு எத்தனை மாதங்கள் தயாரிப்பு வேண்டியிருந்தது! அந்த மாதங்களின் பட்டியல்களில் அது பெரும்பாலும் உள்வேலை என்ற தலைப்பின் கீழ் சின்னச் சின்ன வரிகளாகத்தான் தென்பட்டது. ஜன்னலை மட்டும் எண்ணியவர்களுக்கு அந்த மாதங்கள் ‘ஒன்றும் நடக்காத’ மாதங்கள்!

மாறிய பிறகும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. இவ்வளவு பெரிய பகுதியை மாற்றினால் புதிய பிழைகள் எழும்; எழுந்தன. அவற்றையும் அதே பட்டியலில் வரிசையாகத் திருத்தங்கள் என்று எழுதினார்கள். மறைக்கவில்லை.

பட்டியலில் இன்னொரு சின்ன அடையாளமும் உண்டு. முதன்முதலாக ஒரு வேலையைச் செய்து கொடுத்தவரின் வரியில் ‘முதல் பங்களிப்பு’ என்று குறிக்கிறார்கள். கணக்கில் என் கண்ணுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு மாதத்தில் அந்த அடையாளம் எத்தனை முறை வருகிறது? போன வருஷம் முதல் பங்களிப்புச் செய்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் நிற்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்குமான விடையில்தான் ஒரு பொதுக் கருவியின் ஆயுள் இருக்கிறது.

புதியவர்கள் வர வேண்டுமானால் வழி காட்ட வேண்டும். கோட் எங்கே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கும் ஓர் ஆவணத்தை ரஸ்ட்-அனலைசர் கூடவே வைத்திருக்கிறது. கிளாடோவ் 2021-ல் இதைப் பற்றி எழுதியபோது ஒரு நல்ல விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: பழக்கமில்லாத கோட்டில் திருத்தம் எழுத இரண்டு மடங்கு நேரம் பிடிக்கலாம், ஆனால் எங்கே திருத்த வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு சரியான பேச்சு! தொடங்கிய அவர் பிற்பாடு வேறு வேலைக்குப் போய்விட்டார். கருவி நின்றுவிடவில்லை. வேறு கைகள் ஏற்றுக்கொண்டன. வழிகாட்டி எழுதி வைத்ததன் பலன் இது.

கூலி யார் கொடுப்பது?

இதுவரை ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு பகுதி இல்லை. ‘இந்த மாத வேலையில் எத்தனை மணி நேரம் சம்பளத்தோடு செய்தது, எத்தனை மணி நேரம் இரவில் கண் விழித்துச் சும்மா செய்தது?’ என்ற பகுதி. எந்த ஓபன் சோர்ஸ் கருவியின் பட்டியலிலும் பொதுவாக அது இருப்பதில்லை.

ரஸ்ட்-அனலைசரின் ஆரம்ப காலத்தில் ஃபெரஸ் சிஸ்டம்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி கைகொடுத்தது. ஓபன் கலெக்டிவ் மூலமாக உபயோகிப்பவர்களிடமிருந்து நன்கொடை திரட்டினார்கள். பாராட்டத்தக்க காரியம். ஆனால் நன்கொடை என்பது மழை மாதிரி. பெய்தால் பெய்யும், இல்லாவிட்டால் இல்லை. வீட்டு வாடகை அப்படியல்ல. முதல் தேதி தவறாமல் வரும்.

சம்பளமாவது நிரந்தரமா? 2020 ஆகஸ்டில் மொஸில்லா ஸ்தாபனம் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ரஸ்ட் மொழி வளர்ந்ததே மொஸில்லாவின் நிழலில்தான். அந்த மொழியில் எழுதப்பட்ட சர்வோ திட்டத்தில் வேலை செய்தவர்களும், ரஸ்டுக்குப் பங்களித்தவர்களும் அந்த அடியில் சிக்கினார்கள். ஒரே நாளில் ஒரு கம்பெனியின் முடிவு, உலகம் முழுவதும் உபயோகிக்கும் ஒரு மொழியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையைக் கிளப்பிவிட்டது. அதன் பிறகுதான் 2021 பிப்ரவரியில் ரஸ்ட் பவுண்டேஷன் என்ற தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. அமேஸான், கூகிள், ஹூவாவே, மைக்ரோசாப்ட், மொஸில்லா ஆகியவை அதன் ஸ்தாபக உறுப்பினர்கள்.

இன்னொரு அனுபவமும் உண்டு. ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி ரஸ்ட் மொழிக்காக ஒரு திறந்த துணைக்கருவியைப் பல வருஷம் வளர்த்து வந்தது. அதில் வெளியாட்களும் உழைத்தார்கள். கிளாடோவும் முன்பு அதில் வேலை செய்தவர்தான். 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ரஸ்ட்ரோவர் என்ற தனிச் சரக்கை அறிவித்தது. திறந்த துணைக்கருவியை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே வெளியிட்ட கோட் திறந்தபடியே இருந்தது; 2024-ல், வியாபாரமல்லாத உபயோகத்துக்குப் புதிய சரக்கை இலவசமாகவும் ஆக்கினார்கள். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் பாடம் இருக்கிறது. கோட் திறந்திருப்பது மட்டும் போதாது. அதை வளர்க்கும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

வேலை செய்கிறவர்களைப் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் உலகம் கண்டது. ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற பொதுப் பகுதியில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பிழை வெளிப்பட்டது. இன்டர்நெட்டில் ரகசியமாகச் செல்ல வேண்டிய பாஸ்வேர்டுகளும் சாவிகளும் கசியக்கூடிய பிழை. இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் வியாபாரமெல்லாம் அந்தப் பகுதியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரித்த குழுவுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்! பிழை வெடித்த பிறகுதான் கம்பெனிகள் பணப்பையைத் திறந்தன. வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டிய கதை.

சிலர் எழுப்பும் ஆட்சேபணைகள்

“அவர்கள் விரும்பித்தானே கொடுத்தார்கள்? இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்பது என்ன நியாயம்?” என்று சிலர் வாதிக்கிறார்கள்.

கோட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது வாஸ்தவம். ரஸ்ட்-அனலைசரின் லைசென்ஸ் அதை அனுமதிக்கிறது. அது இருக்க வேண்டியதும்தான்; அதில் கை வைக்கக்கூடாது. ஆனால் கம்பெனிகள் எதிர்பார்ப்பது கோட்டை மட்டுமல்ல. அடுத்த திங்கட்கிழமையும் புதிய பதிப்பு வர வேண்டும், நாங்கள் கண்ட பிழையை உடனே திருத்த வேண்டும், மொழியில் புதிய அம்சம் வந்தால் அன்றே கருவி அதை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். செய்து முடித்த பொருளை ஒருவர் தானம் கொடுக்கலாம். நாளைய உழைப்பையும் அடுத்த வருஷ உழைப்பையும் தானமாகக் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

இன்னொரு வாதம் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. “செயற்கை அறிவு யந்திரமே கோட் எழுதிவிடுகிறதே! இனி இந்தக் கருவிகள் எதற்கு? அவற்றை வளர்க்கும் ஆட்கள் எதற்கு?”

யந்திரம் எழுதுகிறது, சரி. எழுதியது சரியா என்று யார் பார்ப்பது? ஒரு நாளில் நூறு வரி எழுதிய இடத்தில் ஆயிரம் வரி வந்து குவிந்தால், பிசிறு எடுக்கும் வேலை கூடுமே தவிரக் குறையாது. யந்திரம் தயங்காமல் தவறு சொல்லும். அது சொன்ன பெயர் உண்மையில் இருக்கிறதா, சொன்ன வகை பொருந்துகிறதா என்று விதிப்படி சோதித்துச் சொல்லும் கருவி முன்னைவிட இப்போதுதான் அதிகம் அவசியம். அதோடு யந்திரம் எழுதிய பயனற்ற பிழைப் புகார்கள் திறந்த திட்டங்களின் மேல் வந்து குவிகின்றன. கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2025-ல் இதைப் பற்றிப் பகிரங்கமாகவே புகார் செய்தார். ஒரு புகாரை உற்பத்தி செய்ய ஒரு நிமிஷம் போதும். அது பொய் என்று நிரூபிக்க ஒரு மனிதனின் அரை நாள் போகிறது. அந்த அரை நாளுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

செய்ய வேண்டியது என்ன?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். வழியும் சொல்ல வேண்டும்.

முதலாவது, ரஸ்டில் புரோகிராம் எழுதிப் பணம் சம்பாதிக்கும் கம்பெனிகள், தங்கள் புரோகிராமர்கள் இந்தக் கருவியில் வேலை செய்வதற்கு வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, குறிப்பிட்ட மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். தங்களைக் குத்தும் பிழையைத் தாங்களே திருத்தி அனுப்பட்டும். இது தர்மமல்ல, தங்கள் பட்டறையின் யந்திரத்துக்குத் தாங்களே எண்ணெய் போடுவது.

இரண்டாவது, தொடர்ந்து பராமரிக்கிற சிலருக்காவது நன்கொடையை நம்பாத நிரந்தரச் சம்பளம் வேண்டும். அதை ஒரே ஒரு கம்பெனியின் கையில் விடக்கூடாது. 2020-ன் பாடம் அதுதான். பலரும் சேர்ந்து போடும் பொது நிதியிலிருந்து அது வர வேண்டும்; என்ன வேலை முதலில் என்ற முடிவு வேலை செய்கிற குழுவிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மாதக் கணக்கில் இன்னொரு பத்தி சேர வேண்டும். இந்த மாதம் எத்தனை பேர் உழைத்தார்கள். எத்தனை பேர் புதியவர்கள். எத்தனை புகார்கள் பார்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன. பிழையை மறைக்காதவர்கள் ஆள் பற்றாக்குறையை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லவே!

நான்காவது, உபயோகிக்கிற நமக்கும் பொறுப்பு உண்டு. கருவி மெமரியை விழுங்குகிறது என்று அலுத்துக்கொள்வதோடு நின்றுவிடக்கூடாது. எந்தப் பதிப்பு, எந்தக் கோட், எந்த வரியில் நின்றது என்று தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். நல்ல பிழைப் புகார் பாதித் திருத்தத்துக்குச் சமம். சென்னையிலும் பெங்களூரிலும் கம்பெனிகளில் இரவும் பகலும் கோட் எழுதுகிற நம் இளைஞர்கள் இத்தகைய பொதுக் கருவிகளை எடுத்து உபயோகிப்பவர்களாக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் ‘முதல் பங்களிப்பு’ என்ற அடையாளம் அவர்களுக்காகவும்தான் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அது பங்களிப்புதான். அங்கிருந்து ஆரம்பித்தவர்கள்தான் பலரும்.

லின்ட் என்ற கருவி பிறந்து சுமார் ஐம்பது வருஷமாகிறது. அன்று ஒரு லாபரட்டரியின் சுவருக்குள் ஒரு மனிதர் செய்ததை இன்று ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பல நாட்டு மனிதர்கள் கூடிச் செய்கிறார்கள். தங்கள் தவறுகளை நம்பர் போட்டு எழுதி வைக்கிறார்கள். கூட்டாக உழைத்தால் தரம் கெடும், லாப ஆசை இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பதில் வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பதில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது யார் கடமை? அதை எழுதுகிறவர்களின் கடமை மட்டுமல்ல. அந்தக் கருவியின் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒவ்வொருவரின் கடமையும் ஆகும். அடுத்த பட்டியல் வரும்போது முதல் பகுதியோடு நிறுத்திவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள், தோழர்களே! அந்தச் சுவையற்ற வரிகளில் ஒரு மனிதனின் ராத்தூக்கம் இருக்கிறது.